சந்தைக்கு வராத புத்தகம்

வெள்ளிக்கிழமை காலையில் பல்லாவரம் பழைய டிரங்க் ரோட்டுக்குப் போனால் ஏறக்குறைய எதையும் வாங்கிவிடலாம். மிக்சி ஜாடி, சைக்கிள் சீட்டு, பூச்செடி, புறா, கண்ணாடி விரிசல் விட்ட செல்போன், சார்ஜர் தொலைந்த லேப்டாப். 1863இல் ராபர்ட் புரூஸ் ஃபூட் கற்கோடரியைக் கண்டெடுத்த ஊர் இது; பழம்பொருள் கிடைப்பது பல்லாவரத்துக்குப் புதிதில்லை. என்னை அங்கே இழுப்பது தார்ப்பாயில் கொட்டிக் கிடக்கும் புத்தகங்கள். சில மாதங்களுக்கு முன்பு சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் பழைய வெளியீடு ஒன்றை முப்பது ரூபாய்க்கு வாங்கினேன். முதல் பக்கத்தில் ஊதா மையில் ரப்பர் முத்திரை: யாரோ ஒருவருடைய பெயர், ‘சொந்த நூலகம்’, வரிசை எண் 117. அதற்குக் கீழே வேறொரு கையெழுத்தில் கல்யாணப் பரிசுக் குறிப்பு. அதற்கும் கீழே பழைய புத்தகக் கடைக்காரர் எவரோ பென்சிலில் கிறுக்கிய விலை. என்னிடம் வருவதற்குள் அந்தப் புத்தகம் குறைந்தது மூன்று கை மாறியிருக்கிறது.

அன்றைக்கே நாலு விரிப்பு தள்ளி ஒரு மின்னூல் கருவி கிடந்தது. கறுப்பு நிறம், ஓரமெல்லாம் சிராய்ப்பு. “உள்ள புக்கு ஏதாவது இருக்கா?” என்று கேட்டேன். “எல்லாம் அழிச்சாச்சு சார், புதுசு மாதிரி” என்றார் கடைக்காரர். அதை அவர் ஒரு சிறப்பாகத்தான் சொன்னார்.

அந்தக் கருவியை வைத்திருந்தவர் காசு கொடுத்து வாங்கிய புத்தகங்கள் எத்தனையோ, தெரியாது. அத்தனையும் அவருடைய கணக்கோடு ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டன. கருவி சந்தைக்கு வந்தது, புத்தகம் வரவில்லை. அச்சுப் புத்தகத்துக்கு நாலைந்து பிறவி உண்டு; பூட்டிய மின்னூலுக்கு ஒன்றே ஒன்றுதான். படித்து முடித்ததை இரவல் தர முடியாது, விற்க முடியாது, மகளுக்கு எழுதி வைக்கவும் முடியாது. இந்த நிலை தொழில்நுட்பத்தால் தானாக விளைந்ததன்று, சிலர் எடுத்த முடிவுகளால் விளைந்தது என்பது என் எண்ணம். அந்த முடிவுகள் எவை என்று பார்க்க வேண்டும்.

பல்லாவரத்து உயில்

இதை அளந்து பார்க்கப் பல்லாவரத்திலேயே ஓர் அளவுகோல் இருக்கிறது. சென்னைக் கிறித்துவக் கல்லூரியில் 1898 முதல் 1911 வரை தமிழாசிரியராக இருந்த மறைமலையடிகள், வேலையை விட்ட பிறகு குடியேறிய ஊர் பல்லாவரம். (கல்லூரி அப்போது ஜார்ஜ் டவுனில் இருந்தது, தாம்பரத்துக்கு வந்தது 1937இல். ஆசிரியர்தான் முதலில் தெற்கே நகர்ந்தார்.) 1950 செப்டம்பர் 15இல் மறையும்வரை அவர் இங்கேதான் இருந்தார். வீட்டில் அவர் அமைத்த மணிமொழி நூல்நிலையத்தில் தமிழ், ஆங்கிலம், வடமொழி நூல்கள் ஏறத்தாழ 4,000 இருந்தன என்பார்கள். பெருஞ்செல்வர் அல்லர், சொற்பொழிவிலும் நூல் விற்பனையிலும் வந்த பணத்தைப் புத்தகத்தில் போட்டவர்.

அந்தத் தொகுப்பு பொதுமக்களுக்குப் பயன்பட வேண்டும் என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். சைவசித்தாந்த நூற்பதிப்புக் கழகத்தின் வ. சுப்பையா பிள்ளை முயற்சியால் 1958இல் சென்னை லிங்கிச் செட்டித் தெருவில் மறைமலையடிகள் நூல்நிலையம் எழுந்தது. தமிழ் ஆய்வு செய்த எத்தனையோ பேர் அதன் மேசைகளில் குனிந்து குறிப்பெடுத்தவர்கள்.

இந்தக் கதையில் நாம் கவனிக்காமல் கடந்துபோகும் செய்தி ஒன்று உண்டு. ஒருவருடைய வீட்டு அலமாரி பொது நூலகமாக மாறியபோது யாரும் எந்தப் பதிப்பாளரிடமும் அனுமதி கேட்கவில்லை. லண்டன் பதிப்பாளருக்குக் கடிதம் போகவில்லை, உரிமத்தைப் புதுப்பிக்கவில்லை. நூலின் பதிப்புரிமை வேறு, நூற்படியின் உடைமை வேறு. படியை வாங்கியவர் அதை என்ன செய்யலாம் என்பது அவருடைய விருப்பம். தானமாகவும் கொடுக்கலாம், எடைக்கும் போடலாம்.

இன்றைக்கு ஓர் ஆசிரியர் பல்லாவரத்தில் இருந்துகொண்டு இருபது வருடமாக மின்னூலாகவே நாலாயிரம் நூல் வாங்கியிருந்தால், அவருடைய உயிலில் எதை எழுதுவார்? பெரிய மின்னூல் கடைகளின் விதிமுறைகளில் வாங்குபவருக்குக் கிடைப்பது உரிமம்தான். அந்த உரிமத்தைப் பிறருக்கு மாற்றிக்கொடுக்க முடியாது. கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி வைத்துவிட்டுப் போகலாம். அதற்கு உயில் என்று பெயரில்லை.

பூட்டும் சாவியும்

பூட்டு என்று சொல்கிறோம், டி.ஆர்.எம். என்று கணினிக்காரர்கள் சொல்கிறார்கள். செய்வது எளியது. புத்தகக் கோப்பை மறையாக்கம் செய்துவிடுவார்கள். அதைத் திறக்கும் சாவி, வாங்கியவரின் கணக்கோடோ கருவியோடோ கட்டப்பட்டிருக்கும். கோப்பை நூறு முறை படியெடுக்கலாம், பக்கத்து வீட்டுக்காரருக்கு அனுப்பலாம். அவர் திறந்தால் எழுத்துக்குப் பதில் குப்பைதான் தெரியும். ஆகவே மின்னூல் உலகில் இரவல் கொடுப்பது என்றால் பொருளைக் கொடுப்பதில்லை, தேதி குறித்த ஒரு சாவியைக் கொடுப்பது. தேதி முடிந்ததும் சாவி செத்துவிடும். கோப்பு அங்கேயே பிணமாகக் கிடக்கும்.

வாசகர்கள் தங்களுக்குள் இரவல் கொடுக்க ஓர் ஏற்பாடு சில காலம் இருந்தது. பார்ன்ஸ் அண்ட் நோபிள் தன் நூக் கருவியில் 2009இல் தொடங்கியது. அமேசான் 2010 இறுதியில் கிண்டிலுக்குக் கொண்டுவந்தது. பதினான்கு நாள். பதிப்பாளர் சம்மதித்த நூல் மட்டும். ஒரு நூலை அதன் ஆயுளில் ஒரே ஒரு முறை. கொடுத்தவர் அந்தப் பதினான்கு நாளும் படிக்க முடியாது. கிண்டிலில் இந்த வசதி அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். 2022இல் அதையும் எடுத்துவிட்டார்கள். நம் ஊரில் அண்ணனும் தம்பியும் ஒரே கணக்கை இரண்டு வீட்டில் வைத்துக்கொள்வதுதான் மிஞ்சியிருக்கும் இரவல் முறை. புத்தகத்தை இரவல் தரும் குடும்பங்கள் கடவுச்சொல்லை இரவல் தரும் குடும்பங்களாகிவிட்டன.

நூலகங்களுக்கு வந்த விதிகள் இன்னும் வேடிக்கை. 2011இல் ஹார்ப்பர்காலின்ஸ் நிறுவனம், ஒரு நூலகம் வாங்கிய மின்னூலை 26 முறை இரவல் கொடுத்தால் உரிமம் காலாவதி என்று அறிவித்தது. அச்சுப் புத்தகம் அவ்வளவு முறை போய் வந்தால் நைந்துவிடும், அதற்கு ஈடாக இதுவும் நையட்டும் என்பது நியாயம். அமெரிக்க நூலகர்கள் கொதித்துப் போனார்கள், வாங்க மாட்டோம் என்று சிலர் புறக்கணித்தார்கள். நைந்துபோகாத ஒன்றைச் செயற்கையாக நையவைக்கப் பொறியியல் தெரிந்தவர்கள் சம்பளம் வாங்கினார்கள் என்பதை நினைத்தால் சிரிப்பு வருகிறது. 117ஆம் எண் புத்தகத்துக்கு அட்டை போய்விட்டது, நூல் தையல் தளர்ந்திருக்கிறது. ஆனாலும் படிக்க முடிகிறது.

சாவி கடைக்காரரிடம் இருப்பதன் விளைவுகள் தெரிந்தவைதான், விரைவாகச் சொல்லிவிடலாம். 2009இல் ஜார்ஜ் ஆர்வெல்லின் ‘1984’ நாவலின் ஒரு பதிப்பை, உரிமை இல்லாதவர் விற்றுவிட்டார் என்று அமேசான் வாங்கியவர்களின் கருவிகளிலிருந்தே அழித்தது. பிறகு மன்னிப்புக் கேட்டது. மைக்ரோசாஃப்ட் 2019இல் தன் மின்னூல் கடையை மூடியபோது விற்ற புத்தகங்களெல்லாம் திறக்காமல் போயின. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். வாங்கிய கிண்டில் நூலைக் கணினியில் இறக்கி யு.எஸ்.பி. வழியாகக் கருவிக்கு மாற்றிக்கொள்ளும் வசதி 2025 பிப்ரவரியில் நின்றது.

சட்டம் எதை நினைத்து எழுதப்பட்டது

இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957இல் வந்தது. புத்தகம் என்றால் தாள் என்று எல்லாரும் நினைத்த காலம். அதன் 14ஆம் பிரிவு, நூலின் படிகளைப் பொதுமக்களுக்கு வெளியிடும் உரிமையைப் படைத்தவருக்குக் கொடுக்கிறது. ஆனால் ஏற்கெனவே சுற்றில் இருக்கும் படிகளை அதிலிருந்து விலக்கி வைக்கிறது. ஒரு முறை விற்ற படி சுற்றில் இருக்கும் படி. பல்லாவரம் சந்தையின் புத்தக விரிப்பு நிற்பது இந்த ஒரு விலக்கின் மேல்தான்.

இதைவிடச் சுவையான இடைவெளி ஒன்றும் உண்டு. திரைப்படம், ஒலிப்பதிவு, கணினி நிரல் ஆகியவற்றை வாடகைக்கு விடும் உரிமை படைத்தவருக்கே என்று சட்டம் சொல்கிறது. புத்தகத்துக்கு அப்படிச் சொல்லவில்லை. அதனால்தான் சென்னையின் ஈஸ்வரி லெண்டிங் லைப்ரரி போன்றவையும், ஒரு காலத்தில் தெருவுக்கு ஒன்றாக இருந்த சின்னச் சின்ன வாடகை நூலகங்களும் எழுத்தாளரிடம் கேட்காமலே நடக்க முடிந்தது. வீடியோ கேசட் கடைக்குப் போலீஸ் வந்தது; பக்கத்திலிருந்த நாவல் வாடகைக் கடைக்கு வரவில்லை. நாளிதழ்க்காரர் போல வீட்டுக்கே சைக்கிளில் வந்து வார, மாத இதழ்களைச் சுற்றுக்கு விட்டவர்களும் உண்டு. 1950 முதல் 1954 வரை ‘கல்கி’யில் வந்த ‘பொன்னியின் செல்வ’னை வாரா வாரம் கிழித்து பைண்டு செய்து ஊருக்கே சுற்றுக்கு விட்ட வீடுகள் எத்தனை! தமிழ் வாசிப்பின் பெரும்பகுதி இரவலில்தான் நடந்தது. இதைக் குறையாக நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

மின்னூலுக்கு வரும்போது இந்தக் கட்டமைப்பு சறுக்குகிறது. மின்னணு வழியில் சேமித்து வைப்பதும் படியெடுப்பதே என்று அதே 14ஆம் பிரிவு சொல்கிறது. நான் ஒரு கோப்பை உங்களுக்கு அனுப்பினால், என் படி கை மாறுவதில்லை. புதிதாக ஒரு படி பிறக்கிறது. ஆகவே சுற்றில் இருக்கும் படி என்ற விலக்கு எனக்குத் துணைக்கு வராது. என்னிடமிருப்பதை அழித்துவிட்டு அனுப்பினாலும் அதே சிக்கல்தான். ஐரோப்பிய நீதிமன்றமும் 2019 டிசம்பரில் டாம் கேபினெட் வழக்கில் பழைய மின்னூல் விற்பனையை மறுத்தது: அழுக்கும் கிழிசலும் இல்லாத பழையது புதியதற்குப் போட்டி என்றது. அந்த வாதத்தை எளிதில் தள்ளிவிட முடியாது.

2012இல் நம் சட்டத்தில் 65அ என்ற பிரிவு சேர்ந்தது. பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டுவரை சிறை, அபராதம். ஆனால் உரிமையை மீறும் எண்ணத்தோடு உடைத்தால்தான் குற்றம். அமெரிக்காவின் 1998ஆம் ஆண்டுச் சட்டம் இவ்வளவு இடம் கொடுக்கவில்லை. ரஷ்ய நிரலாளர் டிமித்ரி ஸ்கில்யரோவ், அடோபி மின்னூல் பூட்டைத் திறக்கும் மென்பொருளுக்காக 2001இல் லாஸ் வேகாஸில் கைதான கதையை அக்காலக் கணினி இதழ்கள் விடாமல் எழுதின. நம் சட்டம் சட்டப்படியான காரியத்துக்காகத் திறப்பதை விட்டுவிடுகிறது. கூடவே ஒரு நிபந்தனை: பிறருக்குத் திறந்து கொடுப்பவர், யாருக்காக, எதற்காகத் திறந்தார் என்று பெயர், முகவரியோடு முழுப் பதிவேடு வைக்க வேண்டும். பூட்டுச் சாவி ரிப்பேர்க்காரர் ஒவ்வொரு வாடிக்கையாளரையும் நோட்டில் எழுதுவது போல. அப்படி ஒரு நோட்டை நான் இதுவரை கண்ணால் பார்த்ததில்லை.

இந்த இடைவெளி உண்மையில் பயன்பட்ட இடம் பார்வையற்றோருக்கான நூல்கள். அதே 2012 திருத்தம், மாற்றுத்திறனாளிகள் படிக்கத்தக்க வடிவில் நூலை மாற்றவும் தமக்குள் பகிரவும் விலக்குக் கொடுத்தது. 2014 ஜூனில் மராகேஷ் உடன்படிக்கையை உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. 2016இல் சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகம் வந்தது. பூட்டிய மின்னூலை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருள் நெருங்க முடியாமல் நிற்கும்போது, காசு கொடுத்து வாங்கியும் படிக்க முடியாத வாசகர் யார் என்பது கண்முன் தெரிந்தது. சட்டம் இறங்கி வந்தது. பொது நூலகத்துக்கு அந்த அளவு இறங்கவில்லை. தன்னிடம் அச்சில் இருக்கும் நூலைப் பாதுகாப்புக்காக மின்வடிவில் வைத்துக்கொள்ளலாம் என்பதோடு நின்றுவிட்டது. மின்வடிவிலேயே பிறந்த நூலை என்ன செய்வது?

தமிழ் எழுத்தாளருக்கு ஏற்பட்டது

இந்தக் கேள்வி தமிழுக்கு நேராக வந்து சேர்ந்தது 2016இன் கடைசியில், கிண்டில் தமிழ் நூல்களை முறைப்படி விற்கத் தொடங்கியபோது. அதற்கு முன்பு தமிழை அந்தக் கருவியில் ஒழுங்காகக் காட்டவே பாடுபட வேண்டியிருந்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ‘பென் டு பப்ளிஷ்’ போட்டி தமிழிலும் நடந்தது. பதிப்பாளரின் வாசலில் நிற்காமல் எழுத்தாளரே நேரடியாக வெளியிட முடிந்தது. பக்கம் பக்கமாகப் படிக்கப்படுவதற்குப் பணம் வந்தது. அச்சுப் பதிப்பில் முந்நூறு படி போட்டு, அதையும் விற்க முடியாமல் கட்டிலுக்கடியில் அடுக்கியவர்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

ஆனால் இந்தியாவில் எழுபது சதவீத உரிமைத்தொகை வேண்டுமென்றால், மின்னூலை வேறெங்கும் விற்பதில்லை, இலவசமாகவும் தருவதில்லை என்று தொண்ணூறு நாள் தவணையில் ஒப்புக்கொள்ள வேண்டும். தவணையைப் புதுப்பித்துக்கொண்டே போனால் அந்த நூல் ஒரே கடைக்குள் குடியிருக்கும். பூட்டுப் போடலாமா வேண்டாமா என்பதை எழுத்தாளரே தேர்ந்தெடுக்கலாம் என்பது பலருக்கு நினைவில் நிற்பதில்லை. தெரிந்த எழுத்தாளர் ஒருவரைக் கேட்டேன். “அங்க ஏதோ ஒரு கேள்வி இருந்துச்சு, பாதுகாப்புன்னு போட்டிருந்துச்சு, ஆமான்னு குடுத்துட்டேன்” என்றார். வாசகர் கையிலிருந்து இரவல் உரிமை கழன்றது இவ்வளவு சாதாரணமாகத்தான்.

எழுத்தாளரின் பயம் பொய்யில்லை. ஊரடங்குக் காலத்தில் தமிழ் நாவல்களின் பி.டி.எஃப். டெலிகிராமிலும் வாட்ஸ்அப்பிலும் வெள்ளமாகப் போனது, பதிப்பாளர்கள் கதறினார்கள். 2020 மே மாதம் டெல்லி உயர் நீதிமன்றம், ஒரு இந்தி நாளிதழின் மின்பதிப்பைச் சுற்றுக்கு விட்ட டெலிகிராம் வழித்தடங்களை அடைக்க உத்தரவிட்டது. ஆனால் அந்தத் தமிழ் பி.டி.எஃப்.களைத் திறந்து பார்த்தால் தெரியும்: நான் பார்த்தவரை முக்கால்வாசி அச்சுப் புத்தகத்தின் ஸ்கேன். ஓரத்தில் ஒரு கட்டைவிரல்கூட விழுந்திருக்கும். கள்ளப் படிக்குப் பூட்டை உடைக்கத் தேவையே இருக்கவில்லை. முறையாக வாங்கியவர்தான் பூட்டுக்கு முன்னால் நிற்கிறார்.

யாரும் அதிகம் பேசாத இழப்பு ஒன்றும் இருக்கிறது. 1954ஆம் ஆண்டின் நூல் ஒப்படைப்புச் சட்டப்படி இந்தியாவில் வெளியாகும் ஒவ்வொரு நூலின் படியும் நான்கு நூலகங்களுக்குப் போக வேண்டும். அவற்றில் ஒன்று எழும்பூர் கன்னிமாரா. அந்தச் சட்டத்தின் புத்தகம் அச்சிட்ட புத்தகம். கிண்டிலில் மட்டும் வெளியான தமிழ் நாவலுக்கு இந்தக் கடமை கிடையாது. பதிப்பாளர்கள் ஓயாமல் சொல்லும், பொது நூலகங்களுக்கு அரசு நூல் வாங்கும் நூலக ஆணையும் அச்சுப் படியைப் பற்றியதுதான். நூறு வருடம் கழித்து 2020களின் தமிழ்ப் பொழுதுபோக்கு நாவலை ஆராய வருகிறவர், 1920களின் நாவலை ரோஜா முத்தையா நூலகத்தில் தேடிப் பிடிப்பதைவிட அதிகம் கஷ்டப்படுவார் என்று பந்தயம் கட்டத் தயார்.

பூட்டுக்கு அறுபது ஆண்டுக் கணக்கும் தெரியாது. படைத்தவர் மறைந்து அறுபது ஆண்டு முடிந்தால் நூல் பொதுவாகிறது; மறைமலையடிகளின் எழுத்து 2010 முடிந்ததோடு அந்த எல்லையைத் தாண்டியது. அவருடைய நூல்கள் பூட்டிய மின்னூலாக மட்டும் இருந்திருந்தால் 2011 ஜனவரி 1 அன்று பூட்டு தானாகத் திறந்திருக்காது. உரிமை காலாவதியாகும், மறையாக்கத்துக்குக் காலாவதி இல்லை. பொதுவுடைமையான பழைய நூலைக்கூட இன்று எவரும் பூட்டிட்டு விற்கலாம், தடுக்க விதியில்லை.

ரயிலில் அடுத்த ஊர்

இதற்கு நேர் எதிரான முயற்சி பல்லாவரத்திலிருந்து சில நிலையங்கள் தள்ளித் தாம்பரத்தோடு தொடர்புடையது. கட்டற்ற மென்பொருள் இதழாக 2012இல் தொடங்கிய ‘கணியம்’, பிறகு அறக்கட்டளையானது; அது நன்கொடை பெறும் வங்கிக் கணக்கு மேற்குத் தாம்பரம் கிளையில் இருக்கிறது. த. சீனிவாசனும் நண்பர்களும் 2013இல் தொடங்கிய ஃப்ரீதமிழ்ஈபுக்ஸ் திட்டத்தில் எழுத்தாளர்களே விரும்பி, கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் நூலைக் கொடுக்கிறார்கள். ஈபப், மோபி, அதோடு ஆறு அங்குலத் திரைக்கென்றே ஒரு பி.டி.எஃப். அந்த ஆறு அங்குலப் பதிப்பு ஒரு காலகட்டத்தின் சாட்சி: கருவிகளுக்குத் தமிழ் எழுத்து வராதபோது பக்கத்தையே அந்தத் திரைக்கு ஏற்ப அமைத்துக் கொடுத்தார்கள். அதற்கும் முன்பே, 1998 பொங்கலன்று சுவிட்சர்லாந்திலிருந்த கு. கல்யாணசுந்தரம் தொடங்கிய மதுரைத் திட்டம் இருந்தது. ஈழத்தில் 2005 முதல் நூலகம் நிறுவனம் இருக்கிறது. 1981இல் யாழ்ப்பாண நூலகம் எரிந்த நினைவுள்ளவர்களுக்குப் படி ஒன்று ஓரிடத்தில் மட்டும் இருப்பதன் ஆபத்தை யாரும் விளக்க வேண்டியதில்லை.

தமிழ்நாட்டு அரசின் வழி வேறு. பாரதி பாடல்களின் உரிமையை 1949இல் அரசு எடுத்துக்கொண்டதில் தொடங்கி, நூற்றுக்கும் மேற்பட்ட எழுத்தாளர்களின் நூல்கள் நாட்டுடைமையாகியிருக்கின்றன. வாரிசுகளுக்குப் பரிவுத்தொகை போகிறது. அப்படிப்பட்ட நூல்கள் இரண்டாயிரத்துக்கும் மேல் தமிழ் விக்கிமூலத்துக்கு வந்து சேர்ந்தன. உலகில் வேறெங்கும் இந்த அளவில் இப்படி நடந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. ஆனால் நாட்டுடைமை என்பது பெரும்பாலும் மறைந்த எழுத்தாளருக்கு. உயிரோடிருப்பவர் அரிசி வாங்க வேண்டும். எல்லாவற்றையும் இலவசமாகக் கொடு என்று அவரிடம் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

யார் கையில் சாவி

பூட்டே கூடாது என்று வாதாடுகிறவர்களோடு நான் முழுக்க உடன்படாததற்குக் காரணம் இதுதான். இரவலுக்குத் தேதி உண்டு. கிளை நூலகத்தில் கடைசிப் பக்கத்தில் ஒட்டிய சீட்டில் முத்திரை குத்தி அனுப்புகிறார்கள். திரும்பத் தராவிட்டால் அபராதம். மின்னூலில் அந்தச் சீட்டின் வேலையைப் பூட்டு செய்தால் அதில் அநியாயம் ஒன்றுமில்லை. விற்பனை வேறு. விற்றேன் என்று சொல்லிவிட்டுச் சாவியைத் தன் இடுப்பிலேயே செருகிக்கொள்கிறவர் விற்கவில்லை, குத்தகைக்கு விடுகிறார். குத்தகைக்கு விடலாம். அதற்கு விற்பனை விலையும் விற்பனைப் பெயரும் எதற்கு?

இந்த வேறுபாடு அமெரிக்காவில் நீதிமன்றம்வரை போனது. இன்டர்நெட் ஆர்கைவ் என்ற அமைப்பு, தன்னிடம் அச்சில் உள்ள நூலை ஸ்கேன் செய்து, ஒரு படிக்கு ஒரு வாசகர் என்ற கணக்கில், பூட்டிட்டு, தேதி குறித்து இரவல் கொடுத்தது. இங்கே பூட்டை மாட்டியது நூலகம். 2020 மார்ச்சில் பெருந்தொற்றைக் காரணம் காட்டி ஒரு படிக்கு ஒருவர் என்ற வரம்பைத் தற்காலிகமாக எடுத்தார்கள். எனக்குக் கேட்டால் அது பெரிய பிழை. ஜூனில் ஹாஷெட் முதலான நான்கு பதிப்பாளர்கள் 127 நூல்களை முன்வைத்து வழக்குப் போட்டார்கள். 2023 மார்ச்சிலும், மேல்முறையீட்டில் 2024 செப்டம்பரிலும் தீர்ப்பு நூலகத்துக்கு எதிராகவே வந்தது. வரம்பை மீறிய சில வாரங்களுக்காக மட்டும் தோற்கவில்லை; ஒரு படிக்கு ஒருவர் என்ற முறையே நியாயமான பயன்பாடு ஆகாது என்றார்கள். ஏறத்தாழ ஐந்து லட்சம் நூல்கள் இரவலிலிருந்து போயின. பூட்டு இருந்தது, தேதி இருந்தது, படிக்கு ஒருவர் இருந்தார்; சாவி மட்டும் பதிப்பாளரிடம் இல்லை.

ஐரோப்பா வேறு விதமாகச் சொன்னது. நெதர்லாந்து நூலகங்கள் தொடுத்த வழக்கில் 2016 நவம்பரில், ஒரு படிக்கு ஒருவர் என்ற முறையில் நூலகம் மின்னூலை இரவல் தருவது அச்சு நூலை இரவல் தருவதற்கு ஒப்பானதே, எழுத்தாளருக்கு அதற்குரிய தொகை சேர வேண்டும் என்றது ஐரோப்பிய நீதிமன்றம். பிரிட்டனில் 1979 முதல் ஒரு சட்டம் இருக்கிறது: நூலகத்தில் உங்கள் நூலை ஒருவர் எடுத்துப் போகும்போதெல்லாம் அரசு உங்களுக்குச் சில காசு தரும். 2018இல் அதை மின்னூல் இரவலுக்கும் நீட்டினார்கள். இந்தியாவில் அச்சுக்கே அப்படியொரு ஏற்பாடு இல்லை.

நமக்கு அதற்கான பணம் வேறொரு பெயரில் ஏற்கெனவே வசூலாகிறது. 1948இல் சென்னை மாகாணம் விடுதலை பெற்ற இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டத்தை இயற்றியது. பின்னணியில் நூலகவியல் அறிஞர் சீர்காழி ரங்கநாதனின் நெடுநாள் உழைப்பு. அதன்படி சொத்துவரியோடு நூலக வரி சேர்கிறது. இப்போது ரூபாய்க்குப் பத்துக் காசு. பல்லாவரம் 2021 முதல் தாம்பரம் மாநகராட்சிக்குள் வந்துவிட்டது. மாநகராட்சிக்கு வீட்டுவரி கட்டும் ஒவ்வொருவரும் நூலகத்துக்கும் கட்டுகிறார். அந்தப் பணத்தில் ஒரு மின்னூலின் பூட்டில்லாத கோப்பை மாநில நூலகத் துறை விலைக்கு வாங்கி, தன் கணினியில் வைத்து, இரவல் கொடுக்கும்போது மட்டும் தானே பூட்டிட்டு அனுப்பலாம். அதற்கான திறந்த தொழில்நுட்பம் பிரான்சை மையமாகக் கொண்ட அமைப்பு ஒன்றின் மேற்பார்வையில் பல நாட்டு நூலகங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. வாசகருக்கு ஒரு கடவுத்தொடர் போதும். ஒரு நூலுக்கு ஐம்பது படி என்று விலை கொடுத்தால் எழுத்தாளருக்கு நூலக ஆணைதான், காகிதச் செலவு மட்டும் இல்லை. இதற்குப் பதிப்புரிமைச் சட்டத்தில் ஒரு விலக்கும், 1954ஆம் ஆண்டு நூல் ஒப்படைப்புச் சட்டத்தில் ‘அச்சிட்ட’ என்ற சொல்லுக்குப் பக்கத்தில் இன்னொரு சொல்லும் வேண்டும்.

ரங்கநாதன் 1931இல் சென்னையிலிருந்து வெளியிட்ட ஐந்து விதிகள் நூலில், நூல்கள் பயன்பாட்டுக்கே என்ற முதல் விதியை விளக்கும்போது, ஐரோப்பிய இடைக்கால நூலகங்களில் புத்தகத்தைச் சங்கிலியால் அலமாரியோடு பிணைத்து வைத்த வழக்கத்தைப் பற்றிப் பேசுகிறார். சங்கிலி போட்ட காரணம் கெட்ட எண்ணமில்லை. கையெழுத்துப் படிக்கு அவ்வளவு விலை, தொலைந்தால் திரும்ப வராது. படி எடுப்பது மலிவானதும் சங்கிலிக்கு வேலை இல்லாமல் போனது. இப்போது படி எடுக்கச் செலவே இல்லை, சங்கிலி திரும்பி வந்திருக்கிறது. அன்று சங்கிலியின் மறுமுனை நூலகத்தின் அலமாரியில் இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமையும் சந்தைக்குப் போனேன். அதே புத்தகக்காரரிடம் அதே முத்திரையோடு இன்னொன்று கிடைத்தது. எண் 204. “இந்த ஆளோட புக்கு இன்னும் நிறைய வந்திருக்கா?” என்று கேட்டேன். நாலைந்து மூட்டையாகப் பிரித்து வெவ்வேறு ஆட்கள் எடுத்துப் போயிருக்கிறார்கள், மூர் மார்க்கெட் பக்கமும் போயிருக்கும் என்றார். மிச்சம் யார் யார் வீட்டில் இருக்கிறதோ. எண் 204ஐ நண்பர் படிக்கக் கேட்டிருக்கிறார். கொடுத்தாயிற்று, வருமா என்பது சந்தேகம்தான்.